வேலைக் கடிதம் வந்தாயிற்று, வகுப்பு நாள் வரவில்லை: இடையில் ஒரு பறப்பு வேலை எடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணிக விமானி லைசன்ஸ், எல்லோர் வாயிலும் சி.பி.எல்., எடுத்துக்கொண்டு 200 அல்லது 250 மணித்தியாலப் பறப்போடு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு ஏதாவதொரு பிராந்திய விமான நிறுவனத்தில் தெரிவு முடிந்து கடிதமும் வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு வந்து போகும் ஏ.டி.ஆர். 72 போன்ற, எழுபது பேர் அளவில் ஏறும் விமானங்களை ஓட்டும் நிறுவனங்களைத்தான் பிராந்திய நிறுவனம் என்கிறோம். கடிதம் வந்துவிடும், அந்த நிறுவனத்தின் பயிற்சி வகுப்புத் தொடங்கும் நாள் வராது. வந்தாலும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போகும். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்துப் படிப்பித்த வீட்டில் பிள்ளை சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. அந்த நேரம் பார்த்து, "நாலைஞ்சு மாசத்துக்கு வந்து பறந்து தாங்க" என்று ஒரு சிறிய நிறுவனம் கூப்பிடும். எடுப்பதா, விடுவதா?

சம்பளத்தையும் மணித்தியால எண்ணிக்கையையும் பிறகு பார்க்கலாம். அந்த மணித்தியாலம், பறப்பு நேரத்தைப் பதியும் லொக்புக்கில் எந்தப் பத்தியில் ஏறும் என்பதை முதலில் கேளுங்கள். லொக்புக்கில் தலைமை விமானியாகப் பறந்த நேரத்துக்கு ஒரு பத்தி, துணை விமானியாகப் பறந்த நேரத்துக்கு வேறொரு பத்தி. இரண்டுக்கும் பெறுமதி ஒன்றல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் லைசன்ஸ் விதிகளான முதலாம் இணைப்பில், அதிகம் பேர் வாசிக்காமல் கடந்துபோகும் ஒரு விதி இருக்கிறது. ஒரு விமானி மட்டும் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானத்தில், நாட்டின் சட்டம் இரண்டாவது ஆளைக் கேட்பதனால் நீங்கள் துணை விமானியாக அமர்ந்தால், அந்த நேரத்தில் பாதிக்கு மேல் உயர்நிலை லைசன்ஸுக்கான மொத்த மணித்தியாலத்தில் சேராது. விமானத்தில் துணை விமானிக்குரிய கருவிகள் இருந்து, இருவர் சேர்ந்து இயக்கும் முறைப்படி அது பறந்தால் முழு நேரத்தையும் ஏற்கலாம். ஆனால் அப்படி ஏற்பதா இல்லையா என்பது அந்தந்த நாட்டின் முடிவு. சட்டமும் இரண்டாவது ஆளைக் கேட்காத விமானமென்றால் வலது பக்க இருக்கையில் நீங்கள் வெறும் பயணிதான். அந்த நேரத்தை எழுதவே முடியாது.

செஸ்னா கரவன் ஒரு விமானிக்கெனச் சான்று பெற்ற விமானம். 220 மணித்தியாலத்தோடு போகும் ஒருவர் கரவனின் வலது இருக்கையில் 400 மணித்தியாலம் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். தன்னிடம் 620 இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். பாதி விதி பொருந்தினால் உயர்நிலை லைசன்ஸுக்கு எண்ணப்படுவது 420 மட்டுமே. தலைமை விமானிப் பத்தியில் ஒரு நிமிடமும் கூடியிருக்காது. ஏ.டி.ஆர்., டாஷ் 8 போன்றவை இருவர் இல்லாமல் பறக்கவே கூடாத விமானங்கள் என்பதால் அவற்றில் துணை விமானியின் நேரம் முழுதாக ஏறும். ஆகவே கரவன் வேலை கேட்டு வந்தால், நிறுவனத்தின் வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். கட்டுநாயக்காவிலுள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் லைசன்ஸ் பிரிவுக்கு விமானத்தின் வகை, இயக்கும் முறை இரண்டையும் குறிப்பிட்டு எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனமென்றால் அந்த நாட்டு அதிகாரசபையிடமும் இதையே கேட்க வேண்டும்.

பிற்காலத்தில் கப்டனாக வேண்டுமானால் எடுக்க வேண்டிய ஏ.டி.பி.எல். என்ற உயர்நிலை லைசன்ஸுக்கு, அதே முதலாம் இணைப்பின்படி மொத்தம் 1,500 மணித்தியாலம் வேண்டும். அதற்குள் தலைமை விமானியாக 250 வேண்டும். அதில் 70 மட்டும் தனிப் பொறுப்பில் பறந்து, மீதியை மேற்பார்வையின் கீழ் தலைமை விமானியாக நிரப்பவும் வழி உண்டு. ஊர் விட்டு ஊர் பறந்தது 200, இரவில் 100, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75 என்று தனித்தனிக் கணக்குகளும் உண்டு. பெரிய விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்த பின் இரவும் கருவியும் ஊர்ப்பயணமும் தானாகவே நிரம்பிவிடும். நிரம்பக் கஷ்டப்படுவது தனிப் பொறுப்பில் பறக்கும் மணித்தியாலந்தான். அதைத் தரக்கூடிய இடைக்கால வேலைக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படிப் பார்த்தால் பயிற்றுநர் வேலைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை. மாணவனின் கையில் கட்டுப்பாடு இருந்தாலும் பொறுப்பு பயிற்றுநருடையது. நேரம் முழுதும் தலைமை விமானிப் பத்தியில் ஏறும். மாணவன் பிழை விடப்போவதை இரண்டு விநாடி முன்னதாகக் கண்டுபிடிக்கும் பழக்கம், பின்னாளில் இருவர் ஓட்டும் விமானி அறையில் அமர்ந்து மற்றவரின் பறப்பைக் கவனிக்கும்போது நேரடியாகக் கைகொடுக்கும். குறையும் உண்டு. ஓடுபாதையைச் சுற்றிச்சுற்றி வரும் சேர்கிட் பறப்பு மட்டுமே கிடைத்தால் ஊர்ப்பயணக் கணக்கு ஏறாது. எனவே மாணவர்களின் நீண்ட பயணங்களைக் கேட்டு வாங்குங்கள். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். 100 நொட் வேகத்தில் பறக்கும் செஸ்னா 172 போய்த் திரும்ப, காற்றும் தரையில் ஓடும் நேரமும் சேர்ந்து இரண்டரை மணித்தியாலத்தைத் தாண்டும். கடற்கரையையும் வாவியையும் அடையாளம் பிடித்துத் திமிலைதீவு ஓடுபாதைக்கு இறக்கிவரும் அந்த ஒரு பயணம், பத்துச் சுற்றுச் சேர்கிட்டை விட இருவருக்கும் அதிகம் கற்றுத்தரும்.

பயிற்றுநர் தகுதி எடுப்பதற்கும் நேரமும் பணமும் வேண்டும். ஐரோப்பிய விதியில் அது 125 மணித்தியாலப் பாடம், 30 மணித்தியாலப் பறப்பு. மற்ற நாடுகளில் அளவு மாறலாம். என்றாலும் மழை, விமானப் பராமரிப்பு, பரீட்சை அதிகாரி கிடைக்கும் நாள் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால்தான் இதில் இறங்குவது கட்டும். மூன்று மாதத்துக்குள் வகுப்பென்றால் எந்தப் புதிய நிறுவனத்திலும் சேர வேண்டாம் என்பது உறுதியான அபிப்பிராயம். ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் உங்களைப் பறக்க விடுமுன் தன் இயக்கக் கையேட்டுப் பாடம், அவசரகால ஒத்திகை, ஆபத்தான பொருட்கள் பற்றிய வகுப்பு, விமானத்தில் சோதனைப் பறப்பு என்று ஒரு மாதத்தை எடுக்கும். ஒன்றும் சொல்லித்தராமல் மறுநாளே சாவியைக் கையில் தரும் நிறுவனமென்றால் அது வேறு வகையில் ஆபத்து. மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட காலமென்றால், ஏற்கெனவே கையிலுள்ள தகுதிகளோடு, ஏற்கெனவே தெரிந்த விமான வகையில் கிடைக்கும் வேலையை மட்டும் பாருங்கள்.

மாலைதீவின் மிதவை விமான வேலையைப் பலரும் ஆசையோடு பார்க்கிறார்கள். கடலில் இறக்குவது உண்மையிலேயே தனிக்கலை. அலையே இல்லாமல் கண்ணாடிபோல் நீர் கிடக்கும் நாளில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மெல்லிய வேகத்தில், நிலையான இறங்கு வீதத்தில், தொடும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். காலையில் மிதவைகளுக்குள் கசிந்த நீரைப் பம்பியால் எடுப்பது, கயிறு கட்டுவது, பொதி ஏற்றுவது எல்லாம் துணை விமானியின் வேலைக்குள் வரும். ஆனால் எல்லாம் பகலில், கண்ணால் பார்த்துப் பறப்பது. இரவுப் பத்தியும் கருவிப் பத்தியும் வெறுமையாகவே கிடக்கும். அதோடு மிதவைத் தகுதிக்கான பயிற்சியை நிறுவனம் தன் செலவில் தந்தால், பின்னாலேயே, இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற போண்டும் வரும். நான்கு மாத இடைவெளிக்கு இது பொருந்தாது. இரண்டு மூன்று வருடம் அங்கேயே இருந்து கப்டனின் இடது இருக்கைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அது நல்ல வாழ்க்கை. ஆனால் அப்போது அதை இடைக்கால வேலை என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் படித்தவர்கள் வேறொரு கதையோடு வருகிறார்கள்: 1,500 மணித்தியாலம் இல்லாமல் பிராந்திய நிறுவனம் ஏற்காது, ஆகவே எந்த வேலையையும் எடு என்று. அது அந்த நாட்டுச் சட்டம். 2009 பெப்ரவரியில் பபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2010இல் வந்த சட்டத்தின்படி, 2013இலிருந்து துணை விமானிக்கும் அந்த உயர்நிலை லைசன்ஸ் கட்டாயமானது. சில பட்டப்படிப்புகளுக்கும் இராணுவ விமானிகளுக்கும் குறைந்த அளவு உண்டு. மற்றப் பல நாடுகளில் துணை விமானியாகச் சேர சி.பி.எல்., கருவித் தகுதி, பல எஞ்சின் தகுதி, ஏ.டி.பி.எல். பாடப் பரீட்சைகள் இருந்தால் போதும். அமெரிக்காவில் விளம்பரப் பதாகை இழுப்பதும் பரசூட் வீரர்களை ஏற்றுவதும் எண்ணெய், எரிவாயுக் குழாய்ப் பாதைகளை வானிலிருந்து கண்காணிப்பதும் இளம் விமானிகளுக்குச் சாதாரண வேலைகள். நம் பிள்ளைகளுக்கு அவை அநேகமாகக் கைக்கெட்டாதவை. எம்-1 என்ற தொழிற்கல்வி மாணவர் விசாவில் படித்தவர் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதம், ஆகக்கூடியது ஆறு மாதந்தான் பயிற்சி வேலை செய்யலாம். எஃப்-1 விசா தரும் பள்ளிகளில் படித்தவருக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். இந்த வேறுபாட்டைப் பள்ளியில் பணம் கட்டுமுன் கேட்க வேண்டும்; படித்து முடித்த பின் கேட்டுப் பயனில்லை.

கிடைத்தாலும் எல்லா வேலையும் எடுக்கத் தக்கதல்ல. பதாகை இழுக்கும் விமானம் இரண்டு கம்பங்களுக்கிடையில் கட்டிய கயிற்றைத் தாழப் பறந்து கொக்கியால் கவ்வி, உடனே மூக்கை மேலே தூக்க வேண்டும். வேகம் விழும் அந்தக் கணத்தில் எஞ்சின் தடுமாறினால் மீள உயரமில்லை. பரசூட் வேலையில் முழுச் சக்தியோடு ஏறி, வீரர்கள் குதித்ததும் சக்தியை ஒரேயடியாகக் குறைத்து இறங்கினால், சூடேறிய பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் தலை சடுதியில் குளிர்ந்து வெடிப்பு விழலாம். குதிப்பவர்கள் கதவருகே ஒன்றாகக் கூடும்போது பாரத்தின் மையம் பின்னுக்குப் போகும். வகுப்பு நாள் கையில் இருக்கும் ஒருவர் இந்த அபாயத்தை ஏற்கக் காரணமில்லை. விபத்து அறிக்கை ஒன்று கோப்பில் ஏறினால், அடுத்த விண்ணப்பப் படிவங்கள் எல்லாவற்றிலும் அதற்கு விளக்கம் எழுத வேண்டி வரும்.

சிறிய நிறுவனங்களில் அதிகம் பிழையாகப் போவது பாரக் கணக்குத்தான். செஸ்னா 172 எஸ் ரகத்தின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் 760 கிலோ அளவில் வரும். தாங்கி நிறைய 200 லீற்றர் எரிபொருள் என்றால் அது 144 கிலோ. மீதி 253 கிலோ. தலைக்கு 75 கிலோ என்று நான்கு பெரியவர்களை ஏற்றினால் 300 கிலோ. பை ஒன்றும் இல்லாமலே 47 கிலோ கூடிவிட்டது. நாலு இருக்கை இருக்கிறதே, ஏற்றுங்கள் என்பார்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெப்பம் 34 பாகை செல்சியஸுக்கு ஏறினால், கடல் மட்டத்து ஓடுபாதையில் நிற்கும் விமானமும் 2,300 அடி உயரத்தில் நிற்பதைப் போலத்தான் மூச்சு வாங்கும். ஓடுதூரம் நீளும், ஏறும் வீதம் குறையும். அந்த நேரத்தில் எரிபொருளைக் குறை, அல்லது ஒருவரை இறக்கு என்று சொல்ல 220 மணித்தியாலப் பிள்ளைக்குத் துணிவு வேண்டும். வேலையில் சேருமுன் அந்த நிறுவனத்தின் பழைய பாரத்தாள் ஒன்றைக் காட்டும்படி கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே போதிய பதில்.

இனி ஒப்பந்தம். போண்ட் என்றால் அதில் நான்கு இடங்களை விரல் வைத்துப் பார்க்க வேண்டும். காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது முதலாவது. கையெழுத்திட்ட நாளிலிருந்தென்றால் பரவாயில்லை. இறுதிச் சோதனைப் பறப்பு முடிந்த நாளிலிருந்தென்றால், பயிற்சி இழுபட இழுபடப் போண்டும் இழுபடும். அடுத்தது, திருப்பிக் கட்ட வேண்டிய தொகை மாதத்துக்கு மாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையா என்பது. விலகும் முன்னறிவித்தல் எவ்வளவு என்பது மூன்றாவது. விமான நிறுவனங்கள் வகுப்புக்கு இரண்டு வார அவகாசத்தில் கூப்பிடுவதும் உண்டு. மூன்று மாத முன்னறிவித்தல் கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு அந்த அழைப்பை எப்படி ஏற்பது? முப்பது நாளுக்கு மேல் போகும் எதையும் ஏற்க வேண்டாம். நான்காவது பிணை. தொகை எழுதாத காசோலை, தகப்பனின் காணி உறுதி, பிணையாளி இருவரின் கையொப்பம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் லைசன்ஸையும் லொக்புக்கையும் அலுவலகத்தில் வைக்கச் சொன்னாலும் அப்படியே. பிரதியைக் கொடுக்கலாம், அசலைக் கொடுக்க எந்தத் தேவையுமில்லை.

வகுப்பு நாள் இருப்பதைச் சிறிய நிறுவனத்திடம் மறைக்கவும் கூடாது. உங்களைப் பழக்க அவர்களும் எரிபொருளும் பயிற்றுநரின் நேரமும் செலவழிக்கிறார்கள். "ஒக்டோபரில் அழைப்பு வரலாம், அதுவரை வார இறுதியில் பறப்பேன்" என்று நேராகச் சொன்னால் ஏற்பவர்கள் உண்டு. இது சின்ன நாடு. சிறிய நிறுவனத்தின் தலைமை விமானியும் பெரிய நிறுவனத்தின் பயிற்சிப் பொறுப்பாளரும் ஒரே காலத்தில் ஒரே பள்ளியில் பறந்தவர்களாக இருக்கக்கூடும். அதேபோல் விமான நிறுவனத்துக்கும் வெளியில் பறப்பதை அறிவியுங்கள். பறப்பு நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு. உதாரணமாக ஐரோப்பிய விதியில் 28 நாளில் 100 மணித்தியாலம். கடந்த மாதமும் கடந்த வருடமும் எவ்வளவு பறந்தீர்கள் என்று சேரும் நாளில் கேட்பார்கள்.

சிலர் இடைக்கால வேலைக்காக வகுப்பையே ஒத்திவைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒத்திவைக்கவே கூடாது. மூப்பு வரிசைப்படி நடக்கும் நிறுவனங்களில் சேர்ந்த நாள்தான் பின்னாளில் விடுமுறை, தளம், கப்டன் பதவி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 200 மணித்தியாலத்துக்காக ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கடைசிவரை உங்களுக்கு முன்னால் நிற்பார்கள்.

வேலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கைவிடக் கூடாதவை சில. முதலாம் தர மருத்துவச் சான்று நாற்பது வயதுக்குட்பட்டவருக்குப் பன்னிரண்டு மாதம் செல்லும். வகுப்பின் முதல் வாரத்தில் காலாவதியாகும்படி விட்டுவிடாதீர்கள். கருவித் தகுதியைப் பல நாடுகளில் வருடத்துக்கொருமுறை சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். பயணிகளோடு பறக்க 90 நாளுக்குள் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் வேண்டும். ஆங்கிலத் தகுதி நான்காம் நிலையென்றால் மூன்று வருடத்துக்கொருமுறை மறுபடி பரீட்சை. ஆறு மாதம் வெளியே பார்த்தே பறந்தவரின் கண், கருவிகளை முறைப்படி வலம்வரும் பழக்கத்தை இழந்துவிடும். வகுப்பின் சிமியுலேட்டரில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆகவே இடைக்கால வேலையின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை சிமியுலேட்டரில் இரண்டு மணித்தியாலம் எடுங்கள். காத்திருப்பு வட்டம், தரையிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞையைக் கருவியில் பின்பற்றும் ஐ.எல்.எஸ். இறக்கம், ஒரு எஞ்சின் நின்ற நிலையில் இறங்காமல் மீண்டும் ஏறுவது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். கூடவே ஒருவரை அழைத்துப்போய் சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டு வாசித்துப் பழகினால், தனியாகப் பறந்த பழக்கத்திலிருந்து இருவர் முறைக்கு மாறுவது இலகுவாகும்.

லொக்புக்கை மாதந்தோறும் கூட்டி, தலைமைப் பயிற்றுநரிடமோ இயக்க முகாமையாளரிடமோ கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். சிறிய நிறுவனம் மூடப்பட்டால் பிறகு சான்று தர ஆளிருக்காது. பறப்பு நேரம் என்பது பறப்பதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து முடிவில் நிற்கும்வரை. எஞ்சினோடு சேர்ந்தோடும் டக்கோ மானி குறைந்த சுழற்சியில் மெதுவாக ஓடும். அதனால் விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டு நேரமும் உங்கள் புத்தக நேரமும் வேறுபடலாம். எந்த முறையில் எழுதினீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துவைத்தால், சரிபார்க்கும் அதிகாரி உங்களைச் சந்தேகிக்க இடமிராது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறொரு இடத்திலும் சேமித்துவையுங்கள்.

விமான நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தெரிவுக் கடிதத்தில் வகுப்பு எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் இடையில் தொடங்கும் என்று எழுதுங்கள். அது தள்ளிப்போனால் முப்பது நாளுக்கு முன்னர் எழுத்தில் அறிவியுங்கள். காத்திருக்கும் காலத்தில் வெளியில் பறக்கலாமா, எவ்வளவு பறக்கலாம் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிட்டால், பிள்ளைகள் கண்ட ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டு மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இங்ஙனம்,
விமானப் பயிற்றுநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.